ஓடிப்போனவனுக்கு அடுத்த வரி

உங்கள் செய்திமடலுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எந்தப் பட்டியலை எங்கே தேடுவது, எந்தப் படச்சுருளில் எது இருக்கும் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் இப்போது கணினியில் கிடக்கிறது. என்னைவிட நீங்கள் பத்து மடங்கு வேகமாகத் தேடுவீர்கள். ரொறன்ரோவில் நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் எங்கள் பிள்ளைகள் இத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்று அறிந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். நான் சேர்ந்த காலத்தில் அந்தக் கட்டடத்தில் தமிழன் என்று நான் ஒருவன்தான் இருந்தேன். ஆகவே என் கெட்டித்தனத்தைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வயதானவர்கள் சுற்றி வளைத்துத்தான் வருவோம்.

யாழ்ப்பாணத்தில் நான் காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். பழைய காணி உறுதிப் பத்திரங்களைப் படித்துப் படித்து, வெள்ளைக்காரன் காலத்துக் கையெழுத்து எனக்கு அத்துப்படியாகிவிட்டது. ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு ஒரு நூலகத்தின் குடும்ப வரலாற்றுப் பிரிவில் ஆள் தேவை என்று அறிந்து போனேன். நேர்முகத் தேர்வில் ஒரு பழைய கடிதத்தின் படியைத் தந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது, தெரிந்த மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். நான் தினசரிப் பத்திரிகை வாசிப்பதுபோல் தடங்கலில்லாமல் வாசித்தேன். அடுத்த திங்கட்கிழமையே, பழைய ஏடுகளைப் படச்சுருளாக வைத்திருக்கும் மைக்ரோபிலிம் அறையில் எனக்கு உட்கார ஒரு கதிரை கிடைத்தது.

அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் வயதான வெள்ளைக்காரர்கள். அமெரிக்கா இங்கிலாந்தின் குடியேற்றமாக இருந்த கடைசிக் காலத்தில், அரசனுக்கு எதிராகச் சனம் கிளம்பியபோது, அரசன் பக்கம் நின்று சண்டை பிடித்தவர்கள் கொஞ்சப் பேர். தோற்றதும் வீடு வளவை விட்டுவிட்டு வடக்கே ஓடிவந்தார்கள். அரசன் அவர்களுக்கு இங்கே காணி கொடுத்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள்தான் என் கதிரைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். தங்கள் பாட்டன் எந்தப் படையில் இருந்தான், என்ன பதவி வகித்தான் என்று கேட்பார்கள். எல்லோருக்கும் கப்டன்தான் வேண்டும். படைக்குச் சமைத்தவனின் பரம்பரை நாங்கள் என்று ஒருவரும் வந்ததில்லை. ஆனாலும் எனக்கு அந்தச் செத்துப்போன மனிதர்களைப் பிடித்திருந்தது. இழந்த மாடு எத்தனை, எரிந்த வீட்டில் அறை எத்தனை என்று அவர்கள் அரசனுக்கு எழுதிய மனுக்களை வாசிக்கும்போது, இது எங்கள் ஆட்கள் எழுதியதோ என்று சில வேளை எனக்கு மயக்கம் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பனிக்காலம் றீற்றா வந்தாள். தீவுப்பகுதிக் கத்தோலிக்கப் பெண், ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை. இங்கே பிறந்து வளர்ந்த ஒரு வெள்ளைக்காரரைக் கட்டியிருந்தாள். அவர் நெடுந்தூர லொறி ஓடுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. அவருடைய தகப்பன் வோல்ரர், ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இவர்களோடுதான் இருந்தார். எழுபதைத் தொட்ட மனிதர், நோயாளி. முதியோர் இல்லத்தில் விடுவோம் என்று மகன் சொன்னபோது, தன்னுடைய மாமாவை அப்படி விட முடியாது என்று மறுத்தவள் றீற்றாதான். இடியப்பமும் சொதியும் இல்லாவிட்டால் மனிசன் இப்போது முகத்தைச் சுளிக்கிறார் என்று சிரித்துக்கொண்டு சொன்னாள்.

வோல்ரரின் பூட்டனுக்குப் பாட்டன் ஒருவர், ஏப்ரகாம் என்று பெயர். குடும்பப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் நியூயோர்க் பக்கத்தில் அரசனின் படையில் இருந்தார் என்பதும், பிறகு ஒன்ராறியோ ஏரியின் கிழக்குக் கரையில் அவருக்குக் காணி கிடைத்தது என்பதும் வீட்டில் வாய்வழியாக வந்த கதை. வோல்ரருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று.

“மாமாவுக்கு இருதயம் சரியில்லை அண்ணை. டொக்டர் கிழமைக் கணக்கிலதான் சொல்லுறார். ஏப்ரகாம் கடைசி மட்டும் படையில நிண்டவரோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லட்டாம். வேற ஒண்டும் வேண்டாமாம்.”

இந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஏன் அதை அறிய விரும்புகிறார் என்று நான் கேட்கவில்லை. சாகப்போகும் மனிதன் தன் பரம்பரையின் பெருமையைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூட நினைக்கிறான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். ஒருவர் எதைத் தேடுகிறார் என்பதை மட்டும் கேட்டு எழுதிக்கொள்வது பாதி வேலைதான்.

அந்தப் படைகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் எழுதுவார்கள். பெயருக்கு எதிரே ஒரு சிறிய இடம் விட்டிருக்கும். சுகமில்லை, சிறைப்பட்டான், இறந்தான் என்று அதில் குறிப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஆள் நலமாக நிற்கிறான் என்று அர்த்தம். இரண்டு கிழமை தேடியபின் ஏப்ரகாம் கிடைத்தார். சாதாரணச் சிப்பாய். அடுத்தடுத்து ஐந்து பட்டியல்களில் பெயர் இருந்தது, எதிரே ஒன்றும் இல்லை.

ஆறாவது பட்டியலை நான் திரையில் கொண்டுவந்தபோது றீற்றா வேலை முடிந்து வந்து என் பின்னால் நின்றாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மூடுவதற்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது. ஏப்ரகாமின் பெயருக்கு எதிரே செப்டெம்பர் மாதத் தேதி ஒன்றும் ஒரு சொல்லும் இருந்தன. படையை விட்டு ஓடினான் என்று அர்த்தம் தரும் சொல். அந்த எழுத்து றீற்றாவுக்குக் கோழி கிண்டின மாதிரித்தான் தெரியும். எனக்கு மட்டும் அது அச்சடித்ததுபோல் தெரிந்தது.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். எண்பதுகளில் எங்கள் ஊரில் ஆயுதம் எடுத்த இயக்கங்கள் பல இருந்தன. அவன் போனது எது என்று இனி எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. போனவன், தன்னால் முடியாது என்று விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். பிறகு இயக்கத்து ஆட்கள் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் என்ன ஆனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அறிந்த உலகத்தில் ஓடிவந்தவன் என்ற சொல்லுக்குப் பிறகு அடுத்த வரி கிடையாது. அந்தச் சொல்லை ஒருவர் காதிலும் விழாமல் வைத்திருப்பதுதான் வீட்டில் இருக்கிறவர்கள் செய்யக்கூடிய ஒரே காரியம். அம்மா செய்தார், நான் செய்தேன், பக்கத்து வீட்டுக்காரர்கூடச் செய்தார்கள்.

“கிடைச்சதே அண்ணை?” என்று றீற்றா கேட்டாள்.

என் கை தானாகவே சுருளைச் சுற்றும் கைபிடியைப் பின்பக்கம் திருப்பியது. ஐந்தாவது பட்டியல் திரைக்கு வந்தது.

“ஓம் தங்கச்சி. ஐஞ்சு பட்டியல்ல பேர் கிடக்கு. மாமாவின்ர ஆள் ஒழுங்கா நிண்டிருக்கிறார். அதுக்குப் பிறகு பட்டியல் இல்லை” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அன்றைக்கே படி எடுத்து, நூலகத்தின் பெயர் அச்சிட்ட தாளில் அறிக்கையும் தட்டி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், வீட்டுக்குப் போகும்போது எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பு.

திங்கட்கிழமை றீற்றா வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து மாமாவிடம் தாள்களைக் கொடுத்தாளாம். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, பின் எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இரண்டு நேரம் சாப்பிடவில்லை. பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டுத்தான் கதையை எடுத்தாள். அவருடைய மகனுக்கே தெரியாத கதை.

இரண்டாம் உலகப் போரின்போது வோல்ரருக்குப் பதினாறு வயது. அவருடைய தமையன் ஆதரைப் பட்டாளத்துக்கு எடுத்திருந்தார்கள். ஒன்ராறியோவிலேயே ஒரு முகாமில் பயிற்சி. அந்த இலையுதிர் காலத்தில் தகப்பனுக்குக் கை முறிந்து, தோட்டத்தில் சோளம் முறிக்க ஆளில்லாமல் கிடந்தது. ஆதர் ஒருவருக்கும் சொல்லாமல் முகாமை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். தகப்பன் வாசலில் நின்றபடி சொன்னாராம், ஏப்ரகாம் காலம் தொட்டு இந்த வீட்டில் ஒருவனும் படையை விட்டு ஓடியதில்லை, இந்த வாசற்படியை நீ மிதிக்கக் கூடாது என்று. ஆதர் வந்த வழியே திரும்பினான். மேற்குப் பக்கம் போனதாகக் கேள்வி. அதன்பிறகு ஒரு கடிதம் இல்லை. வோல்ரர் தகப்பனுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். ஐம்பது வருடமாக அவர் மனத்தில் கிடந்தது ஒரே ஒரு கேள்வி. அப்பா சொன்னது உண்மையா?

“உங்கட பேப்பரைப் பாத்திட்டு, அப்பா சொன்னது சரிதான் எண்டு மட்டும் சொன்னவர் அண்ணை. அதுக்குப் பிறகு ஆதர் ஆதர் எண்டு அழுதவர். உங்களில ஒரு பிழையும் இல்லை. நீங்கள் எங்களுக்கு நல்லதுதான் செய்தனீங்கள்.”

அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் தொலைபேசியை வைத்தேன். யாழ்ப்பாணத்தில் நான் கந்தோருக்குப் போன முதல் நாளிலிருந்து பார்த்தது காணிக் கடதாசி. ஏப்ரகாமுக்கு அரசன் காணி கொடுத்திருக்கிறான். ஓடிப்போய் ஒளிந்தவனுக்கு எந்த அரசன் காணி கொடுப்பான்? இதை யோசிக்க ஒரு காணிக் கந்தோர்க் கிளாக்கருக்கு இரண்டு நிமிடம் போதும். அந்தச் சொல்லைக் கண்டதும் எனக்கு யோசனை நின்றுபோனது. அடுத்த பட்டியல் என்று ஒன்று இருக்கக்கூடும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அது வேறு சுருளில் இருந்தது. எடுத்துப் போட்டுச் சுற்றினேன். நவம்பர் மாதம். ஏப்ரகாம், சிப்பாய், ஓடியவன் திரும்பி வந்து சேர்ந்தான். அதற்கு அடுத்த பட்டியலில் பெயர் மட்டும்தான், எதிரே ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்ததிலும் அப்படியே. படை கலைக்கப்படும் வரை அந்த மனிதன் அங்கே நின்றிருக்கிறான். யார் எதற்காக அவனை மன்னித்தார்கள் என்று ஒரு குறிப்பும் இல்லை. அவனை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு தேசத்தில், ஒரு காலத்தில், இப்படியும் ஒரு வரி எழுத இடம் இருந்திருக்கிறதே என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. பொறாமை என்றும் சொல்லலாம்.

எனக்கு மேலே ஒரு பெண்மணி அதிகாரியாக இருந்தார். அதிகம் பேசாதவர். போய் நடந்ததைச் சொன்னேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டுவிட்டு, புதிய அறிக்கை எழுதுங்கள் என்றார். அதில் முதல் வரியாக, இந்தக் குறிப்பை நான் அன்றைக்கே கண்டேன், சொல்லாமல் விட்டேன் என்று எழுத வேண்டும் என்றார். கண்ணில் படாமல் விடுபட்டது என்று எழுதலாமா என்று கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டி மறுத்தார். அந்த வரியை எழுதி முடிக்க எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது பிடித்தது. நீங்களும் ஒருநாள் இப்படி ஒன்று எழுத வேண்டி வரலாம். வந்தால், கண்ணில் படவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

தபாலில் அனுப்பினால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த ஞாயிறு ரயிலேறிப் பிக்கரிங் போனேன். றீற்றா நிலையத்துக்குக் காரில் வந்தாள். வழியிலேயே அவளிடம் சொன்னேன். அவள் வாகனத்தை ஓர் ஓரமாக நிறுத்திவிட்டாள்.

“எனக்கு ஏன் பொய் சொன்னனீங்கள்?” என்று கேட்டாள். பிறகு வாகனத்தை மறுபடி வீட்டுப் பக்கம் ஓட்டினாள்.

வோல்ரர் முன் அறையில் கட்டிலில் இருந்தார். நல்ல உயரமான மனிதர் வற்றிப்போயிருந்தார். அறிக்கையைக் கொடுத்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து முதல் வரியை வாசித்தார், என்னை ஒருமுறை பார்த்தார், மீதியை வாசித்தார். பட்டியல்களின் படிகளில் அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுக் காட்டினேன். செப்டெம்பரில் போனார், நவம்பரில் வந்தார், இடையில் எங்கே இருந்தார் என்று கடதாசியில் இல்லை, அதை நான் சொல்ல முடியாது என்றேன். அன்றைக்குத்தான் நான் என் தொழிலைச் சரியாகச் செய்தேன்.

“சோளம்” என்றார் வோல்ரர். தோட்டக்காரன் மகன். செப்டெம்பருக்கும் நவம்பருக்கும் நடுவில் ஒரு மனிதன் எங்கே போவான் என்று அவருக்கு ஒரு பட்டியலும் சொல்லத் தேவையில்லை. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். அப்பா, அப்பா என்று சொன்னதாகத்தான் எனக்குக் கேட்டது. கண்ணால் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

“அன்றைக்கு நீ யாரைக் காப்பாற்றப் பார்த்தாய்?”

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். உங்களை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இந்த நாட்டில் அதுவரை ஒருவருக்கும் சொல்லாததையும் சொன்னேன். என் அகதி விண்ணப்பத்தில் உடன்பிறந்தவர்களின் பெயர் எழுதும் இடத்தில் ஒரு தங்கையின் பெயரை மட்டும் எழுதினேன். இயக்கத்தில் இருந்த தம்பி என்றால் ஆயிரம் கேள்வி வரும், விண்ணப்பம் நின்றுவிடும் என்ற பயம். நானே என் கையால், நல்ல எழுத்தில், அவன் பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டுத்தான் இங்கே குடியுரிமை எடுத்தேன். என் மனைவிக்கும் அந்தப் படிவத்தைக் காட்டவில்லை.

றீற்றா என் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பாவம் அண்ணை நீங்கள்” என்றாள். எத்தனையோ வருடமாக நான் பாவம் என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வோல்ரர் அலுமாரியில் இருந்த பழைய குடும்ப வேதாகமத்தை எடுத்துவரச் சொன்னார். முதல் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளின் பெயர்கள் எழுதியிருந்தன. ஆதரின் பெயருக்குக் குறுக்கே அழுத்தமாக மையால் கோடு. தகப்பன் போட்டது. வோல்ரருக்குப் பேனை பிடிக்கக் கை நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல, வெட்டிய பெயருக்குக் கீழே றீற்றா எழுதினாள். ஆதர், மூத்த மகன், சோளம் முறிக்க வீட்டுக்கு வந்தான். எழுதியதை வாங்கிப் பார்த்துவிட்டு, என் தம்பியின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு வாயில் வரவில்லை. மூன்றாம் முறை ஓரளவு சரியாகச் சொன்னார்.

அவர் அந்த வசந்த காலம் வரை இருந்தார். மேற்கு மாகாணங்களின் பதிவு அலுவலகங்களுக்கெல்லாம் றீற்றா எழுதிப் பார்த்தாள். ஆதரைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. நானும் என் ஓய்வு நேரத்தில் தேடினேன். இன்னும் தேடுகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

உங்களிடம் வந்து நிற்கிறவர்கள் எதைத் தாங்குவார்கள், எதைத் தாங்கமாட்டார்கள் என்று நீங்கள் தீர்மானிக்காதீர்கள். அடுத்த சுருளையும் எடுத்துப் பாருங்கள். இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

தம்பியைப் பற்றி எந்தச் சுருளிலும் ஒன்றும் இல்லை, எனக்கு அது தெரியும். நான் பிழையாக நிரப்பிய படிவத்தைப் பற்றி இனி யாராவது வந்து கேட்டால் கேட்கட்டும். நீங்கள் இந்த மடலைப் பாதுகாத்து வைப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். குகதாசன். வயது இருபது. இயக்கத்தை விட்டு வீட்டுக்கு வந்து பதினொரு நாள் எங்களோடு இருந்தான். பன்னிரண்டாம் நாள் பின்னேரம், கதைக்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் என் கூடப்பிறந்தவன்.